ஓசோன் படை பிழைத்த கதையும் எமது கேள்வியும்

மண்சரிவில் லயத்தையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்த குடும்பங்கள் சிலவற்றோடு அண்மையில் ஒரு மாலை முழுவதும் பேசிக்கொண்டிருந்தோம். இடம் ஹட்டனுக்கு அப்பால் ஒரு பாடசாலை மண்டபம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைக் குலைத்துப் போட்ட நாளிலிருந்து இப்படியான மண்டபங்கள் எமக்குப் பழகிவிட்டன. பேச்சு மழையில் தொடங்கி வானத்தில் போய் நின்றது. ஓர் அம்மா கேட்டார்: "வானத்துல ஓட்டை விழுந்திருச்சாமே பாதர், அதனாலதானே மழ இப்பிடிக் கொட்டுது, மல இப்பிடிச் சரியுது?" அருகிலிருந்த இளைஞர் அவரைத் திருத்தினார்: "அந்த ஓட்டையெல்லாம் அடபட்டிருச்சு அத்த. எங்களுக்கு ஸ்கூல்ல சொன்னாங்க."

இருவர் சொன்னதிலும் பிழை உண்டு. ஆனால் அந்த இளைஞர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. அந்த உண்மை எப்படி நடந்தேறியது என்பதைக் காணியிழந்த எமது மக்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதனாலேயே இதை எழுதுகிறோம்.

முதலில் அந்த அம்மாவின் கேள்வி. ஓசோன் படை மெலிந்ததனால் மழை கூடவில்லை, மலையும் சரியவில்லை. உலகம் சூடேறுவது வேறொரு சங்கதி. அதற்குப் பிரதான காரணம் நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வெளிவரும் புகை. மலை சரிவதற்கோ பெருமழையோடு, சரிவிலே கண்டபடி வெட்டிய பாதைகளும், தூர்ந்துபோன கான்களும், மரமற்ற மேட்டு நிலங்களும் கூட்டுச் சேர்கின்றன. முன்பு மலைகளில் கான் வெட்டு என்றொரு வேலை ஒழுங்காக நடந்தது. அதைக் குறைத்தவர்கள் வானத்தைக் குறை சொல்லித் தப்பிவிடக் கூடாது.

ஓசோன் என்பது நிலத்திலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீற்றர் உயரத்தில் பரந்திருக்கும் ஒரு வாயு. எமது பீதுருதலாகல மலையின் உச்சி 2524 மீற்றர், அதாவது இரண்டரைக் கிலோமீற்றர்தான். அங்கிருந்தும் இன்னும் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேல் ஏறினால்தான் அந்தப் படையின் அடிவாசல் வரும். அவ்வளவு உயரத்தில் பரந்து கிடப்பதையெல்லாம் அள்ளி நிலத்துக்குக் கொண்டுவந்து அமுக்கினால் மூன்று மில்லிமீற்றர் தடிப்புத்தான் தேறும். ஒரு மெல்லிய ரொட்டியின் தடிப்பு! அதுவே சூரியனின் கழியூதாக் கதிர்களில் கொடியவற்றைத் தடுத்து, தோற் புற்றுநோயிலிருந்தும் கண்புரையிலிருந்தும் மனிதரைக் காக்கிறது, பயிர்களையும் காக்கிறது.

குளிர்சாதனப் பெட்டிகளிலும் வாசனைத் தெளிப்பான்களிலும் நுரை மெத்தைகளிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன் வாயுக்கள் மேலே போய் இந்தப் படையைத் தின்னும் என்று 1974இல் மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். அந்த வாயுக்களை உற்பத்தி செய்த கம்பனிகள் நம்ப மறுத்தன. 1985இல் ஃபார்மன் என்ற பிரித்தானியரும் அவருடைய சகாக்கள் இருவரும் தென்துருவத்திற்கு மேலே ஒவ்வோர் இளவேனிலிலும் ஓசோன் வெகுவாக மெலிந்துபோவதைக் கணக்கோடு வெளியிட்டார்கள். அதைத்தான் ஓட்டை என்கிறோம். அது தென்துருவத்தின் கடுங்குளிரில் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் உண்டாவது. எமது தலைக்கு மேலே, பூமத்திய ரேகையை அண்டிய வானத்தில், அப்படி ஓர் ஓட்டை விழவேயில்லை.

ஆனாலும் நுவரெலியா வெயில் தோலைச் சுடுவது பொய்யல்ல. ஆயிரம் மீற்றர் மேலே ஏறினால் கழியூதாக் கதிரின் பலம் பத்து வீதமளவில் கூடும். குளிர்காற்று வீசுவதால் சூடு தெரிவதில்லை, அவ்வளவுதான். கொழுந்து எடுக்கும் அம்மாமார் தலையிலே போடும் கொங்காணி மழைக்கு மட்டுமல்ல, வெயிலுக்கும் நல்லது. தோட்டங்களில் கண்புரை ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் வயதோடும் நீரிழிவோடும் இந்த வெயிலையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

இனி நாம் நேரில் கண்ட ஒன்று. 1990களின் பிற்பகுதியில் நாம் தோட்டப் பாடசாலை மாணவராக இருந்தோம். செப்டெம்பர் 16ஆந் திகதி உலக ஓசோன் தினம் என்று ஐக்கிய நாடுகள் சபை பிரகடனப்படுத்தி ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தன. எங்களுக்குச் சித்திரப் போட்டி வைத்தார்கள். கிழிந்த குடையொன்றின் கீழே பூமி அழுதுகொண்டிருப்பதாக நாம் வரைந்தோம். குளிர்சாதனப் பெட்டி பாவிப்பதைக் குறைப்போம் என்று அடியில் எழுதினோம். எங்கள் லயத்தில் இருந்த பன்னிரண்டு காம்பராக்களில் ஒன்றிலாவது குளிர்சாதனப் பெட்டி இருந்ததில்லை. மின்சாரமே அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. இதைச் சொல்லிச் சிரிப்பது எளிது. சிரிக்க முடியாத பகுதி வேறு. பாடசாலை வேலிக்கு அப்பால் தோட்டத்தின் தேயிலை நாற்றுமேடை இருந்தது. அங்கே மண்ணைக் குவித்து, பொலித்தீன் விரிப்பால் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து, உள்ளே ஒரு வாயுவை விடுவார்கள். சில நாட்கள் அப்பக்கம் போக வேண்டாம் என்பார்கள். பின்பு விரிப்பை எடுத்து, மண்ணைக் கிளறி ஆறவிட்டு, பெண்கள் உட்கார்ந்து அந்த மண்ணைப் பொலித்தீன் பைகளில் நிரப்புவார்கள். அந்த வாயுவின் பெயர் மெதைல் புரோமைட். ஓசோனைத் தின்னும் பொருட்களின் பட்டியலில் அதுவும் இருந்தது என்பதைச் சித்திரப் போட்டி வைத்தவர்கள் எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

தேயிலை வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழுக்கள் மலைநாட்டுத் தோட்டங்களின் பழைய நோய். இலங்கையில் அவற்றை ஆராய்ந்த லூஸ் என்பவரின் பெயரையே விஞ்ஞானிகள் அவற்றுள் ஓர் இனத்துக்கு 1960இல் இட்டார்கள். இந்தப் புழு விழுந்த கன்று தேறாது, மலையே மஞ்சளாகிவிடும். அதைக் கொல்லவும், சில வேர்நோய்களை அடக்கவும் மெதைல் புரோமைட் கைகண்ட மருந்தாக இருந்தது. புழுவையும் பூஞ்சையையும் களை விதையையும் அது சேர்த்தே கொல்லும். மனிதரையும் கொல்லும். நிறமோ மணமோ தெரியாத வாயு. நரம்பையும் நுரையீரலையும் தாக்குவது. கசிந்தால் தெரியட்டும் என்பதற்காகக் கண்ணை எரிக்கும் இன்னொரு மருந்தைச் சிறிதளவு அதனோடு கலப்பது வழக்கம். அதிலுள்ள புரோமின் ஓசோனை அழிப்பதில் குளோரீனைவிட ஏறத்தாழ 60 மடங்கு வல்லமை கொண்டது.

இந்த வாயு எப்படி நிறுத்தப்பட்டது? விழிப்புணர்வு ஊர்வலத்தினாலா? சித்திரப் போட்டியினாலா? இல்லை. 1987 செப்டெம்பர் 16இல் கைச்சாத்தான மொன்றியல் உடன்படிக்கையினால். இலங்கை 1989 டிசெம்பரிலேயே அதில் சேர்ந்துகொண்டது. 1992இல் கோப்பன்ஹேகனில் கூடியபோது மெதைல் புரோமைட் பட்டியலில் ஏறியது. 1997இல் திகதி குறித்தார்கள்: செல்வந்த நாடுகள் 2005இல் நிறுத்த வேண்டும், எம்மைப் போன்ற வறிய நாடுகள் 2002இல் அளவைக் கூட்டாமல் நிறுத்தி, 2005இல் ஐந்திலொரு பங்கைக் குறைத்து, 2015இல் முற்றாகக் கைவிட வேண்டும். உடன்படிக்கை நாடுகளின் பதின்மூன்றாவது கூட்டம் 2001 ஒக்டோபரில் எமது கொழும்பிலேயே நடந்தது.

இந்த ஒழுங்கை நிதானமாகக் கவனிக்கும்படி வாசகர்களைக் கேட்கிறோம். தவறு செய்தவர் யார், அதிகம் பாவித்தவர் யார் என்று முதலில் கணக்குப் பார்த்தார்கள். ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 300 கிராமுக்குக் குறைவாகக் குளோரோபுளோரோகாபன் பாவிக்கும் வறிய நாடுகளுக்குப் பத்தாண்டு கூடுதல் தவணை கொடுத்தார்கள். அதோடு விடவில்லை. 1990இல் லண்டனில் கூடி, மாற்றுவழிக்குப் போவதற்கு வறிய நாடுகளுக்கு ஆகும் மேலதிகச் செலவைச் செல்வந்த நாடுகள் தரவேண்டும் என்று ஒரு நிதியத்தை அமைத்தார்கள். இதுவரை அதற்கு 400 கோடி அமெரிக்க டொலருக்கும் அதிகமாக உறுதியளிக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது, மாற்றுவழியைப் பரிசோதித்துக் காட்டினார்கள். தலவாக்கலை சென் கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் ஓசோனைத் தொடாத வேறு மண் மருந்துகளைத் தேயிலையில் சோதித்துப் பார்த்தது. மாற்றுவழிகளில் ஒன்று எமது மக்களுக்குப் புதியதே அல்ல: பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் உடனே கன்று வைக்காமல், குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ நட்டு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் மண்ணுக்கு ஓய்வு கொடுப்பது. மண் தேறும், புழுவும் குறையும். அவசரக்காரருக்குத்தான் வாயு தேவைப்பட்டது.

பலன் என்ன? மெதைல் புரோமைட் வானத்தில் ஓராண்டு கூடத் தங்காத வாயு. ஆகவே பாவனை குறையத் தொடங்கிய 1990களின் இறுதியிலிருந்தே காற்றில் அதன் அளவும் இறங்கத் தொடங்கிற்று. குளோரோபுளோரோகாபன்களோ ஐம்பது, நூறு ஆண்டு நிற்பவை. எங்கள் பாட்டன்மார் காலத்துக் குளிர்சாதனப் பெட்டியின் வாயு இன்னும் மேலே இருக்கிறது. வறிய நாடுகளும் 2010இல் அவற்றைக் கைவிட்டன. தொய்வு நோயாளர் வாயில் வைத்து உறிஞ்சும் பம்பின் உள்ளிருந்த வாயுவைக்கூட மாற்றினார்கள். 2018இல் ஒரு களவும் பிடிபட்டது: தடைசெய்யப்பட்ட வாயுவொன்று காற்றில் குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை என்று அளந்து கண்டு, கிழக்குச் சீனப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காட்டினார்கள். ஓரிரு ஆண்டுகளில் அது அடங்கியது. இப்படியே போனால் தென்துருவம் 2066 அளவிலும், வடதுருவம் 2045 அளவிலும், உலகின் ஏனைய பகுதிகள் 2040 அளவிலும் 1980இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றாடல் திட்டமும் சேர்ந்து தயாரித்த 2022ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. எனவே அந்த இளைஞருக்கு எமது பதில்: ஓட்டை இன்னும் அடைபடவில்லை தம்பி, அடைபட்டு வருகிறது. உமக்குப் பிறக்கும் பிள்ளை நடுவயதில் அதைக் காணும்.

ஒரு கசப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாற்றுமேடையில் உட்கார்ந்து அந்த மண்ணை நிரப்பிய பெண்களுக்காக மெதைல் புரோமைட் நிறுத்தப்படவில்லை. வானத்துக்காகவே நிறுத்தப்பட்டது. வெள்ளைத் தோல் வெயிலில் புற்றுநோய்க்கு ஆளாகும் நாடுகளுக்கு ஓசோன் தேவைப்பட்டது. அந்தப் பயத்தின் நிழலில் எமது பெண்களும் தப்பினார்கள். அந்த நாடுகளும் எல்லாவற்றிலும் நேர்மையாக நடந்தன என்று சொல்வதற்கில்லை. கலிபோர்னியாவின் ஸ்ட்ரோபெரிச் செய்கைக்காக அமெரிக்கா 2005க்குப் பின்னும் பத்தாண்டுக்கு மேல் விலக்குக் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டது. மறுபக்கத்தையும் பார்ப்போம்: எமது அரசாங்கம் ஏழைகளுக்காக ஒரு நஞ்சையும் தடைசெய்ததில்லை என்பதும் நியாயமில்லை. பரகுவாட் உள்ளிட்ட சில கொடிய மருந்துகளை 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாக நிறுத்தியதால் மருந்து குடித்துச் சாவோர் தொகை நாடெங்கும் குறைந்தது. தோட்டங்களில் அந்தச் சாவு வீடுகளுக்குப் போய்வந்த எம்மைப் போன்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதையும் படிப்படியாகத்தான் செய்தார்கள்.

2021ஐ இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு மே மாதம் இரசாயன உரமும் மருந்தும் நாட்டுக்குள் வரக் கூடாது என்று ஒரே வர்த்தமானியில் தடை வந்தது. மண்ணைக் காக்க வேண்டும் என்ற நோக்கத்தை நாம் பழிக்கவில்லை. இந்த ஏட்டிலே சேதனப் பசளைக்காக எழுதாதவர் யார்? ஆனால் தவணை எங்கே? மாற்றுவழிக்குப் பணம் எங்கே? எந்த மலையில், எந்தக் கிழங்கு வயலில் பரிசோதித்தார்கள்? நுவரெலியாவின் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட் செய்கையாளர் கடன்பட்டு நட்ட பயிரை மெலியவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உர மூடையின் கள்ள விலை ஏறியது. நவம்பரில் தடையைக் கைவிட்டார்கள்; பட்ட கடனை எவரும் கைவிடவில்லை. ஓசோனுக்குக் கேடான ஒரு வாயுவை நிறுத்தத் தோட்டக் கம்பனிகளுக்கு உலகம் ஆண்டுக்கணக்கில் தவணை கொடுத்தது. அரை ஏக்கர்க்காரருக்கோ ஒரு போகம் கூடக் கிடைக்கவில்லை.

எமது அபிப்பிராயம் இதுதான். பொதுநன்மைக்காக ஒருவரிடமிருந்து எதையும் எடுக்கும்போது, எடுப்பவர் கையில் திகதியும் பணமும் பரிசோதித்த மாற்றுவழியும் இருக்க வேண்டும். இது வெறும் ஆசை என்று எவராவது சொன்னால் ஓசோன் படையைக் காட்டுவோம். உலகத்தின் எல்லா நாடுகளும் ஒப்பமிட்ட ஓர் உடன்படிக்கையில் இது எழுதப்பட்டு, நிறைவேறியும் இருக்கிறது.

இதை இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஏன் சொல்கிறோம்? உங்களிற் பலர் ஏற்கெனவே ஒரு தடவை பொதுநன்மைக்காக எழுந்து போனவர்கள், அல்லது எழுந்து போனவர்களின் பிள்ளைகள். கொத்மலை நீர்த்தேக்கம் 1980களில் நிரம்பியபோது பள்ளத்தாக்கு எழுந்து போனது. மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பக்கத்துக் குடும்பங்கள் எழுந்து போயின; 2012இல் அங்கே மின்சாரம் பிறந்தது. இப்போது மண்சரிவு அபாயம் என்று அறிவித்தல் ஒட்டி, லயத்துக்குத் திரும்ப வேண்டாம் என்கிறார்கள். அது சரியான அறிவித்தல். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை மறந்தவர் எவருமில்லை. அங்கும் ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்தவர்கள் போக இடம் கொடுக்கவில்லை, அதனால் மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். திகதியும் காணியும் பணமும் இல்லாத எச்சரிக்கையின் கதி அது. மேலே இருக்கும் வாயுவுக்கு 2066 வரை கணக்கு வைத்திருக்கும் உலகத்தில், மண்டபத்தில் படுத்திருக்கும் குடும்பத்துக்கு அடுத்த மாதம் எங்கே என்று சொல்ல ஆளில்லை.

இன்னொரு விஷயத்தையும் இங்கே குறித்துக்கொள்கிறோம். மெதைல் புரோமைட் முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஏற்றுமதி இறக்குமதிப் பொருட்களிலும் மரச் சட்டங்களிலும் பூச்சி போகாமல் தடுக்கப் புகையூட்டுவதற்கு அதை இன்னும் அனுமதித்திருக்கிறார்கள். அதற்கு முடிவுத் திகதி கிடையாது. தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குப் போன எமது பிள்ளைகளில் சிலர் களஞ்சியங்களிலும் துறைமுகப் பக்கத்திலும் வேலை செய்கிறார்கள். புகையூட்டிய கொள்கலனைத் திறக்கும் வேலை கிடைத்தால், காற்றை அளந்து பார்த்தார்களா என்று கேளாமல் உள்ளே போகக் கூடாது என்று அவர்களுக்கு எழுதுங்கள். குளிர்சாதனப் பெட்டி திருத்தப் பழகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: பழைய வாயுவைக் காற்றில் திறந்து விடாமல் பிடித்தெடுக்கும் முறையை முறையாகப் படித்துக்கொள்ளட்டும். எம்மைப் போன்ற நாடுகளில் பழைய வகை வாயுக்களில் எஞ்சியிருப்பவற்றுக்கு 2030 தவணை. அந்தத் தொழிலைத் தெரிந்தவருக்கு இனி வேலை உண்டு.

மண்டபத்தில் அந்த மாலை முடியும்போது, அந்த அம்மா மறுபடி கேட்டார்: "எங்க மரக்கறித் தோட்டத்துக்கு ஏதும் குடுப்பாங்களா பாதர்?" அவருடைய தோட்டத்துக்கு உறுதியும் இல்லை, துண்டும் இல்லை. லயத்துக்குப் பின்னால் அவருடைய மாமனார் கல் பொறுக்கித் திருத்திய நிலம் அது. இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தது அந்தக் கோவாவும் லீக்ஸும்தான். இழப்பு விபரம் கேட்டு வரும் படிவங்களில் வீடு என்றொரு கட்டம் இருக்கிறது, காணி உறுதி இலக்கம் என்றொரு கட்டம் இருக்கிறது. இப்படியான நிலத்துக்குக் கட்டமே கிடையாது. ஆகவே அடுத்த கூட்டத்துக்கு முன்னர் ஒவ்வொரு குடும்பமும் தாம் செய்த நிலம் எவ்வளவு, எத்தனை ஆண்டாகச் செய்தது, கடைசியாக என்ன நட்டது, கடன் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, பக்கத்துக் குடும்பங்கள் இரண்டின் ஒப்பத்தோடு கொண்டுவரும்படி கேட்டிருக்கிறோம். எழுதத் தெரியாதவர்களுக்கு அந்த இளைஞரும் அவருடைய நண்பர்களும் எழுதிக் கொடுக்கிறார்கள். பிரதேச செயலகத்துக்குப் போகும்போது அந்தத் தாள்களோடு எமது மூன்று கேள்விகளையும் எழுத்தில் கொடுப்போம்: எந்தத் திகதிக்கு, எந்தப் பணத்தில், எந்த நிலத்தில்.